டாட்னெல் வீட்டுத் திருடன்

“ரொம்ப வருத்தமா இருக்கு சார். உங்க எள்ளுத்தாத்தா எதையும் திருடலை” என்றாள் ஹோபார்ட் ஆவணக் காப்பகத்துப் பெண்.

துக்க வீட்டில் பேசுகிறவர்கள்போலக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர்கள் காதில் விழுந்தால் கெல்வின் டாட்னெலுக்கு எவ்வளவு அவமானம் என்று அவளுக்குத் தெரியும். டாஸ்மேனியாவிலேயே பிறந்து வளர்ந்த பெண்.

“நல்லாப் பாத்தீங்களாம்மா? ஜேபஸ். ஜேபஸ் டாட்னெல். சீஸ் திருடினவர்.”

“ஏழு விதமா எழுத்துக் கூட்டிப் பாத்துட்டேன். கப்பல்ல வந்த கைதிங்க பட்டியல்ல அப்படி ஒருத்தர் இல்லை.”

கெல்வின் அந்தக் கனத்த பதிவேட்டை ஏக்கத்தோடு பார்த்தார். கைதிகள் விஷயத்தில் அந்தக் காலத்துச் சர்க்கார் கஞ்சத்தனமே காட்டவில்லை. உயரம், முடி, மச்சம், முழங்கையில் குத்தியிருந்த பச்சை, அதில் எழுதியிருந்த பெண்ணின் பெயர், அந்தப் பெயரிலிருந்த எழுத்துப்பிழை என்று எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. ஒருவனுடைய மூக்குக்கு மட்டும் நாலு வரி. தன் சொந்த மூக்கைப் பற்றியே கெல்வினிடம் அவ்வளவு தகவல் கிடையாது.

“டாட்னெல்னு ஒரே ஒருத்தர் இருக்கார்” என்றாள் அவள், தயங்கி. “ஜோசையா டாட்னெல். ஆனா அவர்... சொந்தச் செலவுல வந்திருக்கார்.”

“ஐயோ.”

“கையில பாதிரியார் குடுத்த நற்சான்றிதழ் வேற.”

கெல்வினுக்கு ஒரு நம்பிக்கைக் கீற்று. “அது போலியா இருக்கலாமில்ல?”

“பிஷப்பும் கையெழுத்துப் போட்டிருக்கார் சார்.”

கெல்வின் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

விஷயம் இதுதான். டாஸ்மேனியா, ஒரு காலத்தில் இங்கிலாந்து தன் கைதிகளை நாடு கடத்திய தீவு; கெல்வினுடைய ஊர் அங்கே பார்லோ துறை. ஆற்றங்கரை, ஆப்பிள் தோட்டங்கள், ஒரு கோயில், புல்தரையில் பந்துருட்டி ஆடும் ஒரு பௌல்ஸ் கிளப். துறையிலிருந்து கோயில் வாசல்வரை கல் பாவிப் பாதை போட ஊரார் முடிவு செய்திருந்தார்கள். கல்லுக்கு ஒரு கைதி. கைதியின் பெயர், வந்த கப்பல், திருடிய பொருள். மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா. கமிட்டித் தலைவி நோரீன் பக் கண்டிப்பானவள். காகிதம் இல்லையென்றால் கல் இல்லை.

கெல்வின் சிறுபிள்ளையாக இருந்தபோது இதே ஊரில் எந்த வீட்டிலும் திருடன் கிடையாது. எல்லோருடைய முன்னோரும், கடல் காற்று உடம்புக்கு நல்லது என்று யாரோ வைத்தியர் சொன்னதை நம்பிக் கப்பலேறி வந்தவர்கள். குடும்ப பைபிளில் முதல் பக்கத்தைக் கிழித்தார்கள். சிலர் காப்பகத்துக்கே பிளேடோடு போய்வந்தார்கள். வம்சத்தில் ஒரு கைதி உண்டு என்று தெரிந்தால் நிச்சயமான கல்யாணம் நின்றது. பிறகு காற்று எப்போது திசை மாறியது என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஒருநாள் விடிந்து பார்த்தால், திருடன் இல்லாத வீட்டுக்காரர்கள் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள்.

கெல்வினுடைய அப்பா மட்டும் காற்றுக்குக் காத்திருக்கவில்லை. ஆப்பிள் பெட்டி கட்டும் கொட்டகையில் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுப்பில் சுட்ட ஆட்டுத் தொடை மேசைக்கு வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பிப்பார்.

“எங்க கொள்ளுத்தாத்தா ஜேபஸ் இருந்தாரே, சரியான திருடன்!”

நெதர்கூம் கிராமத்துப் பண்ணையாரின் பால்பண்ணையில் ஜேபஸ் ஒரு சீஸ் வட்டைத் திருடுகிறார். தூக்க முடியவில்லை. உருட்டுகிறார். மலைச்சரிவு. சீஸ் அவர் கையை விட்டுவிட்டுத் தன் போக்கில் கிளம்புகிறது. வாத்துகள் சிதறுகின்றன. கோயிலில் பிரசங்கம் நடக்கிறது. திறந்திருந்த கதவு வழியாகச் சீஸ் நுழைந்து, நடுவழியில் நேராக உருண்டு, பாதிரியார் காலடியில் படுத்துக்கொள்கிறது. ‘திருடாதே’ என்ற கட்டளையைத்தான் பாதிரியார் அப்போது விளக்கிக்கொண்டிருந்தாராம்.

கெல்வினுக்கு ஆறு வயதானபோது அந்தச் சீஸ் சாப்பாட்டுத் தட்டளவு இருந்தது. அவர் மீசை மழிக்கத் தொடங்கிய காலத்தில் வண்டிச் சக்கரமாகிவிட்டது. அப்பா காலமான வருஷம் அது கோயில் கதவில் நுழையாமல் ஒரு தூணை இடித்துத் தள்ளியது. விருந்துக்கு வந்த பாதிரியார்கள் முள்கரண்டியை நழுவவிட்டார்கள். ஊரார் அம்மாவுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அம்மா கிரேஸ்வெல் வீட்டுப் பெண். பியானோவோடு கப்பலில் வந்த குடும்பம் என்று பெயர். போயும் போயும் ஒரு சீஸ் திருடன் வம்சத்தில் வந்து விழுந்தாளே என்று கோயில் வாசலில் உச்சுக்கொட்டுவார்கள்.

ஆகவே கெல்வினுக்கு இது வெறும் கல் விவகாரமில்லை. அப்பாவின் சொல். அதைவிட, அக்கா வெர்னா. எழுபத்தெட்டு வயது, முதியோர் இல்லத்தில் இருந்தாள். கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. அங்கிருக்கிற நர்சுகள் அத்தனை பேருக்கும் சீஸ் கதையை அப்பா குரலிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

“டேய் கெல்வின், கல்லுல ஜேபஸ் பேரை வெட்டினதும் என்னைக் கூட்டிட்டுப் போ. கண்ணு தெரியாட்டி என்ன, விரலால தடவிப் படிச்சுக்கறேன்” என்றிருந்தாள்.

ஹோபார்ட்டிலிருந்து திரும்பிய கெல்வின், நேராக வீட்டுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார். கிளப்புக்குப் போனார்.

“கிடைச்சுதா?” என்றாள் நோரீன்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேறொன்று வந்தது. “அந்தப் பக்கத்தையே காணோம். யாரோ பிளேடு போட்டிருக்காங்க.”

கிளப்பில் இரண்டு பேர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

“அடேங்கப்பா!” என்றார் மெர்வ். அவர் கெல்வினோடு முப்பது வருஷம் ஒரே கொட்டகையில் ஆப்பிள் தரம் பிரித்தவர். “பக்கத்தையே வெட்டற அளவுக்குன்னா வெறும் சீஸ் மட்டும் இருக்காது. உங்காளு வேற ஏதோ பெருசாப் பண்ணியிருக்கான்.”

“இங்க வெட்டினா என்ன?” என்றாள் நோரீன். “விசாரணை நடந்தது இங்கிலாந்துல. மூலம் அங்கதானே இருக்கும். நீயே போய்ப் பாத்துட்டு வந்துடு.”

“இங்கிலாந்துக்கா? எனக்கு... முழங்கால் வலி.”

“நடந்தா போகப்போறே?” என்றார் மெர்வ்.

அடுத்த சனிக்கிழமை கிளப்பில் முழு ஆட்டுக்குட்டி ஒன்றைக் குலுக்கலுக்கு வைத்துக் கெல்வினுடைய பயணத்துக்கு வழி செய்துவிட்டார்கள். குலுக்கலில் ஆட்டுக்குட்டியும் அவருக்கே விழுந்தது. மறுக்க வழியில்லை. பார்லோ துறையில் பாதிக் குடும்பங்கள் ஒரே கப்பலில், ஒரே வட்டாரத்திலிருந்து வந்தவர்களுடைய வம்சம். எனவே ஆளாளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

“அப்படியே எங்க எலியாஸையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடு” என்றாள் நோரீன்.

“எங்க சைலஸ் டன்னையும். எப்படி மாட்டினான்னு மட்டும் கேட்டுச் சொல்லு” என்றார் மெர்வ்.

பன்னிரண்டு பெயர்களோடு கெல்வின் விமானம் ஏறினார். வாழ்நாளெல்லாம் இங்கிலாந்துக்கு ஆப்பிள் ஏற்றுமதி செய்தவர், முதல்முறையாகத் தானே ஏற்றுமதியானார்.

அங்கே வட்டார ஆவணக் காப்பகத்தில் திருமதி பூல் என்ற அம்மாள் அவரை வரவேற்றாள். காதில் பென்சில், கழுத்தில் கண்ணாடி, முகத்தில் அபாரமான உற்சாகம்.

“பேனா கூடாது. கோட்டு, பை, இருமல் மிட்டாய் எல்லாம் அந்த அலமாரியில வெச்சுப் பூட்டிடுங்க. புத்தகத்தைத் தலையணை மேல வெச்சுத்தான் பிரிக்கணும்.”

பதிவேட்டுக்குப் போட்ட தலையணை, விடுதியில் கெல்வினுக்குக் கிடைத்ததைவிட மெத்தென்று இருந்தது.

முதல் நாள் நீதிமன்றச் சுருள்களில் டாட்னெல் இல்லை. சிறைப் பதிவேட்டிலும் இல்லை. கெல்வினுடைய முகம் வாடுவதைப் பார்க்கத் திருமதி பூலுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் தேடினாள்.

இரண்டாம் நாள், “நல்ல செய்தி சார்! உங்க ஜோசையா கோயில் நிர்வாகத்துல இருந்திருக்கார். காணிக்கைப் பெட்டிச் சாவியே அவர்கிட்டதான்!”

“அதுல ஏதாவது குறைஞ்சுதா?” என்றார் கெல்வின் ஆவலாக.

“ஒரு செப்புக்காசு குறையலை!”

மூன்றாம் நாள் அவள் வாசலுக்கே ஓடிவந்தாள். “இதைவிட நல்ல செய்தி இருக்கவே முடியாது! உட்காருங்க. உங்க எள்ளுத்தாத்தா ஜோசையா நெதர்கூம் கிராமத்துக் கான்ஸ்டபிள்!”

கெல்வின் உட்கார்ந்தார். உட்காரச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

“கான்ஸ்டபிள்னா... திருடறவங்க...”

“பிடிக்கறவர்! நாப்பத்தொரு பேரை உங்க தீவுக்கு அனுப்பி வெச்சிருக்கார். அதுக்குப் பரிசா அங்கேயே நிலம் குடுத்திருக்காங்க, இவரும் கப்பலேறிட்டார். நெதர்கூம்ல ஒரு மியூசியம் இருக்கு, போன் பண்ணிட்டேன். வம்சத்துல ஒருத்தர் வரமாட்டாங்களான்னு அவங்க இருபது வருஷமாக் காத்துக்கிட்டிருக்காங்க.”

“வேண்டாம்மா. எனக்கு முழங்கால்...”

“கார் வெளிய நிக்குது.”

நெதர்கூம் மியூசியம் என்பது பழைய பள்ளிக்கூடத்தின் ஒற்றை அறை. காப்பாளர் கத்பர்ட் கெல்வினுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஜோசையாவின் தடி, ஜோசையாவின் விளக்கு, ஜோசையாவின் கைவிலங்கு.

“ஒரே ஒரு போட்டோ சார். விலங்கைக் கையில மாட்டிக்கிட்டு நின்னா எடுப்பா இருக்கும்.”

“சும்மா பிடிச்சுக்கறேனே.”

“ஒரு நிமிஷந்தான்.”

க்ளிக் என்றது விலங்கு. நூற்றெண்பது வருஷம் பொறுமையாக இருந்த சாவி, திருப்பியதும் பூட்டுக்குள் முறிந்துகொண்டது.

கத்பர்ட் முகத்தில் ரத்தமில்லை. “பக்கத்து ஊர்லேருந்து பூட்டுக்காரர் வரணும். சாப்பாட்டுக்கு அப்புறந்தான் வருவார்.”

பூட்டுக்காரருக்கு முன்னால் உள்ளூர் வாரப்பத்திரிகையின் போட்டோக்காரர் வந்து சேர்ந்தார். கெல்வின் எவ்வளவு தலையைத் திருப்பியும் பயனில்லை. விலங்கு மாட்டிய மனிதன் முகத்தை மறைக்கவும் முடியாது. படத்தின் கீழே, ‘மாபெரும் கான்ஸ்டபிளின் வாரிசு சொந்த மண்ணில்’ என்று போட்டார்கள்.

“நேரம் போகணுமே” என்றார் கத்பர்ட் குற்ற உணர்ச்சியோடு. “உங்க எள்ளுத்தாத்தா எழுதின குறிப்பேடு இருக்கு. நீங்க படிங்க, நான் பக்கம் புரட்டறேன்.”

ஜோசையா சுருக்கமாக எழுதுகிற மனிதர். ‘பக், எலியாஸ். வாத்து இரண்டு. அனுப்பப்பட்டான்.’ அடுத்த வரி, ‘டன், சைலஸ். கோயில் மணிக்கயிறு. அனுப்பப்பட்டான்.’

கெல்வினுக்கு வியர்த்தது. பிப்ரவரி மாதத்து இங்கிலாந்தில் வியர்ப்பது சாதாரண விஷயமில்லை. விலங்கு மாட்டிய இரண்டு கையாலும் சட்டைப் பையிலிருந்து சீட்டுகளை உருவி மேசையில் பரப்பினார். பன்னிரண்டில் பதினொன்று ஒத்துப்போயின. பன்னிரண்டாவது பெயர் ஜேபஸ் டாட்னெல். பௌல்ஸ் கிளப் மொத்தத்தையும் அவருடைய எள்ளுத்தாத்தா ஒற்றை ஆளாகப் பிடித்துக் கப்பலேற்றியிருக்கிறார்.

கத்பர்ட் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார்.

‘மக், ஜேபஸ். சீஸ் வட்டு ஒன்று. துரத்தினேன். சரிவில் சீஸ் எங்கள் இருவரையும் முந்திச் சென்றது. கோயில் கதவு திறந்திருந்தது.’

அந்த நாலு வரியைக் கெல்வின் படிக்கவில்லை, கேட்டார். ஆட்டுத் தொடை மணத்தோடு, கத்தியைக் கீழே வைக்கிற ஓசையோடு, அப்பாவின் குரலிலேயே கேட்டார். சரிவு இருந்தது. கோயில் கதவு இருந்தது. சீஸ்கூட இருந்தது. பெயர் மட்டும் வேறு.

“மக்?” என்றார்.

“மக்தான்.”

“இதைக் கொஞ்சம் சாய்ச்சுப் பாத்தா டாட்னெல்னு படிக்க முடியாதா?”

கத்பர்ட் நல்ல மனிதர். தலையைச் சாய்த்துப் பார்த்தார். “முடியலை சார்.”

அப்படியானால் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கான்ஸ்டபிள் தாத்தா தான் பிடித்த திருடனுடைய கதையைச் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருப்பார். அது மகனுக்கு வந்து, பேரனுக்கு வந்து, கடைசியில் அப்பா கைக்கு வந்திருக்கிறது. அப்பா கதையைத் திருப்பிப் போட்டுத் திருடனைத் தன் வீட்டு ஆளாக்கிவிட்டார். எதற்கு? திருடன் வம்சம் என்றால் ஊர் காறித் துப்பிய காலத்தில், எந்தப் பைத்தியக்காரன் இப்படி ஒரு பொய் சொல்வான்?

கெல்வினுக்கு ஆப்பிள் கொட்டகை ஞாபகம் வந்தது. மெல்லிய காகிதத்தில் ஒவ்வொரு பழமாகச் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். மரத்தூளும் பழமும் கலந்த வாசனை மே மாதம்வரை சட்டையை விட்டுப் போகாது. இங்கிலாந்துக் கப்பலுக்குப் போகும் கடைசிப் பெட்டியை அப்பா தன் கையாலேயே மூடி ஆணி அடிப்பார். மூடியின் உட்புறம் சாக்கட்டியால் எழுதுவார்: ‘சீஸுக்கு ஈடாக, ஜேபஸ்.’ வருஷம் தவறியதில்லை. இங்கிலாந்தில் எந்தக் கடைக்காரனாவது மூடியைத் திருப்பி அதைப் படித்து மண்டையைச் சொறிந்திருப்பான். அப்பா யாருக்காக அப்படி எழுதினார்? யாரும் பார்க்காத இடத்தில்கூட எதற்காக நடித்தார்?

பூட்டுக்காரர் வந்து விலங்கை அறுத்தபோது சாயங்காலமாகிவிட்டது. அறுந்த விலங்குக்காகக் கத்பர்ட் கண் கலங்கினார். தனக்காகத்தான் கலங்குகிறார் என்று கெல்வின் நினைத்துக்கொண்டார்.

வாரப்பத்திரிகைப் படமும், கூடவே அச்சான குறிப்பேட்டுப் பக்கங்களும் கெல்வினுக்கு முன்பே பார்லோ துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கிளப் கதவைத் தள்ளியதும் உள்ளே இருந்த அத்தனை பேரும் கைகளைத் தலைக்குமேல் தூக்கினார்கள்.

“ஐயா, காரைக் கொஞ்சம் கோணலா நிறுத்திட்டேன். இந்த ஒரு தடவை விட்டுடுங்க” என்றார் மெர்வ்.

“சும்மா இருடா.”

“தன்னைத் தானே பிடிச்ச கான்ஸ்டபிளை நான் இப்பத்தான் பாக்கறேன்.”

நோரீன் சிரிக்கவில்லை. அவளுக்கு எலியாஸ் விஷயம் வலித்தது. “ரெண்டே ரெண்டு வாத்து, கெல்வின். ரெண்டு! கண்டும் காணாமப் போயிருக்கக் கூடாதா உங்காளு?”

“நான் என்ன பண்றது நோரீன்? நான் அப்போ பொறக்கலையே.”

“பொறந்திருந்தா நீயும் பிடிச்சிருப்பே. அந்தக் களை இப்பத்தான் உன் மூஞ்சியில தெரியுது.”

“அதுகூடப் போகட்டும்” என்றார் மூலையிலிருந்து ஒருவர். “அந்தக் கதையும் இவங்களோடது இல்லையாமே. போலீஸ்காரக் குடும்பம், கடைசியில திருடனோட கதையையே திருடியிருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். கெல்வினுக்கும் சிரிக்கத்தான் ஆசை. ஆனால் அவர்கள் சிரித்தது அப்பாவைப் பார்த்து. முப்பது வருஷமாக மண்ணுக்குள் இருக்கிற மனிதர், எழுந்து வந்து ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியாது.

நோரீன் அவரை வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அவள் கண்டிப்பானவளே தவிரக் கெட்டவளில்லை.

“கடைசிக் கல் இன்னும் காலியாத்தான் இருக்கு. ‘ஜேபஸ் மக்’னு வேணும்னா வெட்டச் சொல்றேன், அதுக்கு இப்போ காகிதம் இருக்கு. ஆனா வம்சத்துல ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும். டெலிபோன் புத்தகம் முழுக்கத் தேடிட்டேன். இந்தத் தீவுல ஒரு மக் கூட இல்லை. நாளைக்குக் கல்தச்சன் வந்துடுவான். வேற பேரு போட்டுக்கட்டுமா?”

“வெர்னாகிட்டச் சொல்லிட்டு வந்துடறேன்” என்றார் கெல்வின்.

முதியோர் இல்லத்துக்குப் போகும் வழியில் மூன்று பொய்கள் யோசித்தார். மூன்றும் முதல் பொய்யைவிட நன்றாக இருந்தன. ஆனால் வெர்னா தலையைத் தூக்கிப் பார்த்ததும் மூன்றும் மறந்துபோயின.

“வந்துட்டியா? குளிருக்கு மூக்கு சிவந்திருக்கும் உனக்கு. கிட்ட வா. ஜேபஸைப் பாத்தியா?”

ஜன்னலோரம் இன்னொரு நாற்காலியில் மிகவும் வயதான ஒரு பெண்மணி தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். முகம் முழுவதும் சுருக்கம். காதுக்கருவி விசிலடித்துக்கொண்டிருந்தது.

“இவங்க எனிட் ஆன்ட்டி” என்றாள் வெர்னா. “அம்மா கல்யாணத்துல தோழிப்பெண்ணா நின்னவங்க. தொண்ணூத்தேழு வயசு. இத்தனை வருஷமும் மெல்போர்ன்ல இருந்தாங்க, நீ ஊர்ல இல்லாதப்போதான் இங்க வந்து சேர்ந்தாங்க. சத்தமாப் பேசணும். சரி, நீ சொல்லு.”

கெல்வின் சொன்னார். ஹோபார்ட்டில் இல்லாத பக்கத்தை வெட்டியதிலிருந்து ஆரம்பித்து, தலையணை, கான்ஸ்டபிள், கைவிலங்கு, குறிப்பேடு என்று ஒன்று விடாமல் சொன்னார். சீஸ் முந்திச் சென்ற இடத்தில் வெர்னா கைதட்டினாள். பெயரைச் சொன்னதும் கை அப்படியே நின்றது.

“அப்போ ஜேபஸ் நம்ம ஆளே இல்லையா?”

“இல்லக்கா. யாரோ மக்.”

“அப்பா கதை விட்டாரா?”

வெர்னா விரல்களால் மடியிலிருந்த போர்வையைத் தடவினாள், எதையோ படிக்கப் பார்க்கிறவள்போல.

“அத்தனை ஞாயித்துக்கிழமையும் பொய்யாடா?” என்றாள்.

கெல்வின் அறுபத்தொன்பது வருஷ வாழ்க்கையில் பல சங்கடமான கேள்விகளைச் சமாளித்தவர். சத்தமாகச் சொன்னால் தைரியம் வருமோ என்று பார்த்தார். “மக்! ஜேபஸ் மக்! அதான் பேரு, நான் என்ன பண்ணட்டும்!”

“எனக்கு மக் வேண்டாம்பா” என்றாள் எனிட் ஜன்னலோரத்திலிருந்து. “இந்தக் கப்பே போதும்.”

“டீ இல்ல ஆன்ட்டி!” கெல்வின் அவள் காதருகே குனிந்து கத்தினார். “மக்னு ஒரு ஆளு! அந்தக் காலத்துல சீஸ் திருடிட்டு மாட்டிக்கிட்டவன்!”

“ஓ, அந்த மக்கா” என்றாள் எனிட். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். “அந்தப் பேரை இந்தத் தீவுல யார் வாயாலயும் கேட்டு எத்தனையோ காலமாச்சு. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு உங்கம்மா வீட்டுக்காரங்க அதைத் தூக்கிப் போட்டுட்டு ‘கிரேஸ்வெல்’னு வெச்சுக்கிட்டாங்களே. கடன் வாங்கி ஒரு பியானோ வேற வாங்கிப் போட்டாங்க, பாவம்.”

வெர்னாவின் கை தம்பியின் கையைத் தேடிப் பிடித்தது.

எனிட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு சின்ன விஷயம்கூடத் தெரியாமல் வளர்ந்திருக்கிறார்களே என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

“நிச்சயத்துக்கு முதல் நாள் உங்கம்மா அதைச் சொல்லி, ‘நாங்க திருடன் வம்சம், ஊருக்குத் தெரிஞ்சா உனக்குத்தான் கேவலம், என்னை விட்டுடு’ன்னு தேம்பித் தேம்பி அழுதா, உங்கப்பன், ‘இவ்வளவுதானே, அந்தத் திருடனை எங்கிட்ட ஒப்படைச்சுடு, இன்னியிலேருந்து அவன் எங்க வீட்டு ஆளு’ன்னுட்டான்.”